அக்காவின் சாயங்கால நிறம்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, கூப்பிட்ட பெயர் வேறொன்று. கூப்பிட்ட பெயர் 'பாதி'. பாதி குடித்த டீ, பாதி மடித்த துணி, ஒரு கையோடு நின்றுபோன ஸ்வெட்டர், மூடியை எங்கேயோ வைத்துவிட்டுத் திறந்தே கிடக்கும் எண்ணெய் பாட்டில் என்று அவள் நடந்துபோன வழியெல்லாம் பாதிகளாகவே கிடக்கும். பெயரை வைத்தவன் தம்பி. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். எந்தச் சொல் எப்போது தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்கும் என்று அவனாலேயே சொல்ல முடியாது. 'பாதி' மட்டும் என்னவோ தடங்கலில்லாமல் வந்தது. அதனால் நாளெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். பெயரும் ஒட்டிக்கொண்டது.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு இரண்டு பேரும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவள் பெயிண்ட் கம்பெனி லேபில் நிறம் சேர்க்கிறவள். வாடிக்கையாளர் ஒரு நிறத்தைக் கொடுத்து "இதே மாதிரி வேணும்" என்றால், அதே நிறத்தைக் கலந்து தகட்டில் பூசி, காயவைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இன்னும் துளி மஞ்சள், இன்னும் துளி கறுப்பு என்று சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் பாதியாக இருப்பவள் நிறத்தில் மட்டும் முழுசு. தகட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மேலே கூரை இடிந்து விழுந்தாலும் தூசியின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

ஆனால் தம்பி பேச்செடுத்தால் அவளால் பொறுக்க முடியாது. அவன் முதல் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும்போதே அவள் கடைசிச் சொல்லைக் கொண்டுவந்து போட்டுவிடுவாள். பாவம், கஷ்டப்படுகிறானே, எடுத்துக்கொடுப்போம் என்றுதான் நினைத்தாள். சரியோ தப்போ, அவனும் தலையாட்டிவிடுவான். மறுத்துச் சொல்ல இன்னொரு வாக்கியம் வேண்டுமே.

அப்படியிருக்கும்போது ஒரு சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து, கிரீஸ் படிந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஏதோ இருந்தது. வாயைத் திறந்தான். சொல் வரவில்லை.

"என்னடா, வேலைய விட்டுட்டியா?" என்றாள், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே.

இல்லை என்று தலையாட்டி, மறுபடி ஆரம்பித்தான்.

"சூப்பர்வைசர் திட்டினாரா? எதையாவது உடைச்சிட்டியா? யாருக்காவது அடிபட்டுடுச்சா? ஐயோ, அடுப்புல பாலை வச்சேன்... சரி, கை கழுவிட்டு வா, சாப்பிட்டுட்டே பேசலாம்."

அவன் வாசல் நிலையிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "ஒண்ணுமில்ல" என்றான். ஒரு இடறல்கூட இல்லாமல், பளிங்கு மாதிரி வந்தது அந்தச் சொல். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாளிலிருந்து அவன் அவளிடம் வாய் திறப்பதை நிறுத்திவிட்டான். கோபம் என்று சொல்ல முடியாது. பக்கத்து அறையிலிருந்தே போனில் செய்தி அனுப்புவான். முதல் செய்தி, 'குழம்புல உப்பு கம்மி.' அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வாரங்கள் ஓடின. செய்திகள் வந்துகொண்டே இருந்தன. குரல் வரவில்லை. இப்போது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை.

டாக்டரிடம் போனது அதற்காகத்தான், அவனைப் பேசி முடிக்க விடாத தன் அவசரத்துக்கு ஏதாவது வழி உண்டா என்று. ஆனால் லேபில் எல்லோரிடமும், டாக்டரிடமும்கூட, "வேலைல தப்பு வருது" என்றுதான் சொன்னாள். அதுவும் பொய்யில்லை. ஒரு டிரம் நிறைய வெள்ளையில் நீலத்தை இரண்டு தடவை ஊற்றியிருந்தாள்.

டாக்டர் அம்மா நிதானமானவர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தோண்டித் துருவிக் கேட்டார். இன்னொரு நாள் வரச் சொல்லி இன்னும் கேட்டார். ரத்த அழுத்தம், நாடி எல்லாம் பார்த்தார். வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று கேட்டார். கடைசியில், "ஏ.டி.எச்.டி.ன்னு சொல்வோம். கவனமே இல்லாத வியாதின்னு நினைச்சுக்காதீங்க. உங்ககிட்ட கவனம் தேவைக்கு மேலயே இருக்கு. அதைத் திருப்பற ஸ்டியரிங்தான் கொஞ்சம் லூசு" என்றார்.

"மாத்திரை இருக்கா?"

"இருக்கு. ஒண்ணு இல்ல, சில வழி இருக்கு. மெத்தில்ஃபெனிடேட்னு ஒண்ணு. போட்டா சீக்கிரமே வேலை செய்யும், சில மணி நேரத்துல இறங்கிடும். அதையே மெல்ல மெல்லக் கரையற மாதிரி செஞ்ச கேப்சூல் இருக்கு, பகல் பூரா தாங்கும். இன்னொண்ணு வேற ஜாதி, அடோமாக்செடின். அது தினமும் போட்டு, வாரக்கணக்கா ஆன பிறகுதான் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தொந்தரவும் உண்டு. பசி போகலாம், தூக்கம் கெடலாம், வயித்தைப் பிரட்டலாம்."

"இதுல எது நல்லது?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா. உங்க உடம்புதான் சொல்லணும். ஒண்ணொண்ணா பார்ப்போம்."

இதை அவள் தம்பிக்குச் செய்தியில் எழுதினாள். பக்கத்து அறையிலிருந்து பதில் வந்தது. 'ஒண்ணு எக்ஸ்பிரஸ். ஒண்ணு பாசஞ்சர். கடைசி நடராஜா சர்வீஸ்.' மூன்று மருந்துக்கும் வீட்டில் அதுவே பெயராகிவிட்டது.

முதலில் எக்ஸ்பிரஸ்.

அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபில் உட்கார்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. நமக்கெல்லாம் எங்கே மருந்து கேட்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே ஒரு பச்சைத் தகட்டை எடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது ஏதோ நின்றுபோனது. என்ன நின்றது என்று முதலில் பிடிபடவில்லை. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது அதை அணைத்த பிறகுதான், ஓ, இத்தனை நேரம் இது ஓடிக்கொண்டா இருந்தது என்று தெரியும். அதுபோல அவள் மண்டைக்குள் பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அணைந்துவிட்டது. அந்த அமைதியில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் மறுபடி ஓட ஆரம்பித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. மற்றவர்களெல்லாம் இப்படியா இருக்கிறார்கள்? எப்போதுமா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், கடைக்காரர், எல்லோரும் இந்த அமைதி மாளிகைக்குள்தான் குடியிருக்கிறார்களா? அதைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

பக்கத்து மேஜைக்காரர் வந்தார். லேபில் அவருக்கு 'மீட்டர்' என்று பெயர். நிறத்தை அளக்கும் கருவி ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. கண் பொய் சொல்லும், மீட்டர் சொல்லாது என்பது அவர் கட்சி. அவர் தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பிளம்பர் வந்தது, தப்பான வாஷரைப் போட்டது, மாமியார் வழுக்கி விழப்பார்த்தது, கடைசியில் ஒழுகியதே மேல்வீட்டுக்காரர் குழாய் என்று தெரிந்தது. அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள். கதைக்கு முடிவு இருந்தது. முடிவு வரும் என்று தெரிந்தே மனிதர்கள் கதையை ஆரம்பிக்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"பாவம்ணே, மேல்வீட்டுக்காரர் செலவ ஏத்துக்கிட்டாரா?" என்றாள்.

மீட்டர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஏம்மா, நீ முழுசா கேட்டியா?"

"கேட்டேன்ணே."

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

மருந்தை எப்படிப் பரிசோதிப்பது என்று அவளுக்கு ஒரு முறை தெரியும். தொழில் சொல்லிக்கொடுத்த முறைதான். பழைய வேலையை ஒரு பக்கம், புது வேலையை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தாள். முதல் கலவையிலேயே நிறம் சேர்ந்தது எத்தனை, திருப்பிக் கலக்க வேண்டிவந்தது எத்தனை என்று கணக்கெடுத்தாள். எக்ஸ்பிரஸுக்கே வெற்றி. தனக்குச் சாதகமாகப் பார்க்கிறோமோ என்று சந்தேகம் வந்தது. அதனால் மீட்டரிடமும் கேட்டாள். அவரும் ஆமாம் என்றார். அப்புறம் என்ன, வேறு மருந்துகளைப் பார்க்கவே வேண்டாம், இதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டினாள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. மருந்துதான் வேலை செய்கிறதே, தம்பி ஏன் இன்னும் பேசவில்லை? பக்கத்து அறையிலிருந்து செய்திதான் வருகிறது. அதுவும் முன்னைவிடச் சுருக்கமாக. 'செருப்பை எடுத்து வச்சிட்டேன். கத்தாத.' அவள் கத்தினாளா என்ன? அலுத்துக் களைத்து வருகிறவள் செருப்பு தடுக்கி விழுந்தால் கொஞ்சுவாளா? சாயங்காலம் என்றால் யாருக்கும் அப்படித்தானே இருக்கும்!

இந்த நேரத்தில்தான் ஒரு தகடு திரும்பி வந்தது. அவள் சேர்த்த நிறமில்லை, மீட்டர் தன் கருவியை மட்டும் நம்பி அனுப்பியது. "கடைல பார்த்தப்ப சரியா இருந்துச்சு, வீட்டுல சாயங்காலம் லைட் போட்டா சுவர் ரோஸ் கலர்ல இருக்கு" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வந்திருந்தார்.

"ரீடிங் அச்சு அசலா இருக்கு. அந்த ஆளுக்குக் கண்ணுல கோளாறு" என்றார் மீட்டர்.

அவள் இரண்டு தகடுகளையும் எடுத்துக்கொண்டு வெளிச்சப் பெட்டிக்குப் போனாள். அது உள்ளே சாம்பல் நிறம் பூசிய, முன்பக்கம் திறந்த ஒரு பெரிய பெட்டி. பகல் வெளிச்சம், கடை டியூப்லைட், வீட்டு மஞ்சள் பல்பு என்று எல்லா விளக்குக்கும் அதில் தனித்தனி சுவிட்ச் உண்டு. பகல் வெளிச்சத்தில் இரண்டு தகடும் ஒட்டிப்பிறந்தவை போல் இருந்தன. மஞ்சள் பல்பைப் போட்டாள். ஒன்று அப்படியே இருந்தது. இன்னொன்று மெல்லச் சிவந்து, யாரோ அதை அவமானப்படுத்திவிட்டது போல நின்றது.

"ஒரே வெளிச்சத்துல பார்த்துட்டு ஒண்ணுன்னு சொல்லிட்டீங்கண்ணே. எத்தனை தடவை சொல்றது? எல்லா லைட்டையும் போட்டுப் பார்க்காம..."

சுவிட்சில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. எந்தத் தகட்டையும் மஞ்சள் பல்பில் பார்க்காமல் வெளியே விடாதவள், தன்னை மட்டும் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துப் பாஸ் போட்டுவிட்டாள். காலையில் போடுகிறாள், மதியம் போடுகிறாள், பஸ் ஏறும் நேரத்தில் மருந்து இறங்கிவிடுகிறது. வீட்டுக்குள் நுழையும்போது முன்னைவிட மோசமாகச் சிவந்து நிற்கிறாள். தம்பி பார்ப்பது அந்த அக்காவை மட்டும்தான். அவன் விடிகாலையில் போய்விடுகிறவன், விடுமுறை நாளிலோ அவள் மாத்திரை போடுவதில்லை. பகல் வெளிச்சத்து அக்காவை அவன் இதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

டாக்டரிடம் போய் உண்மையைக் கொட்டினாள்.

"தம்பி விஷயத்தை ஏன் முதல்லயே சொல்லல?" என்றார் டாக்டர்.

"வேலைக்காகன்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு..."

டாக்டர் சிரிக்கவில்லை. "மருந்து இறங்கற நேரத்துல எரிச்சல் ஏறறது சில பேருக்கு வரும். நீளமா தாங்கறதைப் பார்க்கலாம். ஆனா, சாயங்காலம் நீங்க எப்படி இருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது. வீட்டுல பார்க்கற ஒருத்தர் சொல்லணும்."

பார்க்கிற ஒருத்தர்தான் பேசமாட்டேன் என்கிறாரே! அன்று அவள் சமையலறையிலிருந்து பக்கத்து அறைக்குச் செய்தி அனுப்பினாள். 'மருந்தை மாத்தறாங்க. சாயங்காலம் நான் எப்படி இருக்கேன்னு நீதான் சொல்லணும். எழுதி அனுப்பினா போதும்.'

அவள் சாதத்தை வடித்து இறக்கினாள். பதில் வந்தது. 'எழுதினா நீ அதையும் முழுசா படிக்க மாட்ட.'

அது நியாயம்தான். என்ன செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டு இருக்கும்போதே அடுத்த செய்தி வந்தது. 'உன் பிஸ்கட் டின் எங்க?'

லேபில் தேவைப்படாத நிற அட்டைகளை ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்துவைத்திருந்தாள். ஒவ்வொன்றும் விரல் நீளம், முன்னால் நிறம், பின்னால் எண். மறுநாள் ராத்திரி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு அட்டை இருந்தது. சுட்ட செங்கல் நிறம். கூடவே ஒரு செய்தி. 'இது நேத்து வரைக்கும் நீ.'

பாசஞ்சர் ஓட ஆரம்பித்தது. கேப்சூலைக் காலையில் போட்டால் போதும், மதியம் மறக்க ஒன்றுமில்லை. பஸ்ஸில் வரும்போதும் மண்டைக்குள் ஃபேன் ஓடவில்லை. வீட்டுக்கு வந்தாள், செருப்பு தடுக்கியது, எடுத்து ஓரமாக வைத்தாள். தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் கதவில் சாம்பல் அட்டை விழுந்தது. மறுநாளும் சாம்பல். அதற்கு மறுநாள் இன்னும் வெளிறிய சாம்பல்.

'கத்தலையே, அப்புறம் என்ன?' என்று கேட்டு அனுப்பினாள்.

'கத்தல. ஆனா ஆளே இல்ல. வீட்டுக்கு ஒரு பார்சல் வந்து உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு. ஒரு ஜோக்காவது அடி.'

யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. டாக்டர் அளவைக் குறைத்துப் பார்த்தார். அட்டையில் கொஞ்சம் உயிர் வந்தது, ஆனால் கேப்சூல் போட்டதிலிருந்து ஏறியிருந்த நாடித் துடிப்பு இறங்கவில்லை, தூக்கமும் திரும்பவில்லை. "சிலருக்கு இது அமிர்தம். உங்களுக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். அடுத்ததைப் பார்ப்போம்" என்றார்.

அடுத்தது நடராஜா சர்வீஸ்.

அதைப் பற்றி ஒன்றும் நல்லவிதமாகச் சொல்வதற்கில்லை. முதலில் வயிற்றைப் பிரட்டியது. வாய் காய்ந்து நாக்கு அட்டை போலானது. மத்தியானம் கண்ணைச் சொக்கியது. ஆனால் மண்டைக்குள் ஃபேன் பழையபடி ஜோராக ஓடியது. லேபில் திரும்பவும் தப்புகள். மீட்டர், "அந்தப் பழைய மாத்திரையையே போடேம்மா, என் குழாய்க் கதைல பாக்கி இருக்கு" என்றார். அவளுக்கும் ஆசைதான். ஒரு தடவை மாளிகைக்குள் வாழ்ந்துவிட்டு மறுபடி தெருவில் நிற்பது சும்மாவா? டாக்டரைக் கூப்பிட்டு அழாத குறையாகக் கேட்டாள். "நீங்களா நிறுத்திடாதீங்க. அளவை இப்பத்தான் ஏத்தியிருக்கோம். தாங்க முடியலன்னா வாங்க, பேசுவோம். தாங்க முடிஞ்சா இன்னும் கொஞ்ச வாரம் பொறுங்க" என்றார். பொறுமை இல்லை என்பதுதானே வியாதி! அந்த வியாதிக்கு மருந்தாகப் பொறுமையையே எழுதிக்கொடுத்தால் என்ன செய்வது?

சாம்பல் அட்டைகள் டின்னுக்குத் திரும்பிப் போய், ஃப்ரிட்ஜ் கதவிலும் பழைய செங்கல்தான். தினமும் செங்கல். பழைய அட்டைக்கு மேலேயே புது அட்டையைச் செருகிச் செருகிக் காந்தத்துக்கு அடியில் ஒரு கட்டே சேர்ந்துவிட்டது. சமையலறைப் பல்பு வெளிச்சத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுதினாள். 'தினமும் ஒரே அட்டையை வைக்கறதுக்கு வைக்காமலே இருக்கலாம்.'

பதில் உடனே வந்தது. 'ஒரே அட்டையா? கண்ணுக்குத்தானே உனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க?'

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் விடுமுறை. காலையில் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வடக்கு பார்த்த ஜன்னல், வெயில் விழாது, நிறம் பார்க்கத் தோதான வெளிச்சம். அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள்.

வைத்து முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வரிசை செங்கல் நிறத்தில் ஆரம்பித்து மணல் நிறத்தில் முடிந்திருந்தது. எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்த எந்த இரண்டை எடுத்தாலும், லேபில் ஒன்றுக்கு இன்னொன்றைச் சரி என்று அனுப்பிவிடுவாள். அவ்வளவு சின்ன மாற்றம். ஆனால் முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. நடுவே இரண்டு மூன்று நாள் பின்னோக்கிப் போய்ச் சிவந்திருந்தது. அவளுக்கு வயிறு மிகவும் பிரட்டிய நாட்களாக இருக்கும். பிறகு மறுபடி மெதுவாக, விடிகிற மாதிரி, யாருக்கும் தெரியாமல் வெளுத்துக்கொண்டே வந்திருந்தது. இது அவள். அவளுக்குள் நடந்தது. அவள் குமட்டலோடு சண்டைபோட்டுக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று புலம்பிக்கொண்டு இருந்த நாட்களில், உள்ளே யாரோ ஒருவர் அவசரமே இல்லாமல், துளித்துளியாகக் கலந்துகொண்டு இருந்திருக்கிறார்.

அதைவிட இன்னொன்று அவளைத் திகைக்கவைத்தது. இத்தனை நெருக்கமான நிறங்களைப் பிரித்தறிய அவளுக்குப் பல வருஷப் பழக்கம் வேண்டியிருந்தது. லிஃப்ட் கயிற்றுக்கு கிரீஸ் போடுகிறவன், அந்த மஞ்சள் பல்புக்குக் கீழே, டின்னைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு, நேற்றைய அக்காவுக்கும் இன்றைய அக்காவுக்கும் நடுவே இருந்த ஒரு மயிரிழையைத் தேடியெடுத்திருக்கிறான். தினமும். அவளோடு ஒரு வார்த்தை பேசாமல், அவளை இவ்வளவு பார்த்திருக்கிறான். அவள் அவனை இப்படி ஒரு நாளாவது பார்த்திருப்பாளா?

பிறகு வழக்கம்போல் சந்தேகம் வந்தது. மாறியது அவள்தானா, அவன் மனசா? மருந்தா, அல்லது பார்க்கிறார்கள் என்று தெரிந்ததால் அவளே அடக்கமாக நடந்துகொண்டாளா? டாக்டரிடமே கேட்டாள். "எல்லாமாவும் இருக்கலாம்" என்றார் அவர். "பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த மருந்தை வச்சுக்கலாமா வேண்டாமான்னு கேட்டா, வச்சுக்கலாம்." எக்ஸ்பிரஸ் காட்டிய மாளிகை இதில் இல்லை என்பதையும் அவள் சொன்னாள். ஃபேன் நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளிப்போய் ஓடுகிறது, அவ்வளவுதான். "அது போதுமா உங்களுக்கு?" என்று கேட்டார் டாக்டர். அவள் மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் எதற்காக வந்தாளோ, அது இன்னும் நடக்கவில்லையே.

அது ஒரு சாதாரணச் சாயங்காலம் நடந்தது. அவள் அடுப்படியில் நின்றுகொண்டு இருந்தாள். தம்பி வந்தான். கிரீஸ் சட்டையோடு வாசலில் வந்து நின்றான். ஃப்ரிட்ஜ் பக்கம் போகவில்லை. வாயைத் திறந்தான்.

சொல் முட்டிக்கொண்டு நின்றது.

அவளுடைய வாய்க்குள் சொற்கள் தள்ளுமுள்ளுப் பண்ணிக்கொண்டு வந்தன. பசிக்குதா? பணம் வேணுமா? வேலைல ஏதாவது... அவை எல்லாம் முன்போலவே வந்தன. மருந்து எதையும் தடுக்கவில்லை. ஆனால் சொல் வருவதற்கும் அவள் அதைச் சொல்வதற்கும் நடுவே இப்போது ஒரு இடம் இருந்தது. சின்ன இடம்தான், ஒரு ஆள் ஒண்டி நிற்கிற அளவு. அவள் அதில் போய் நின்றுகொண்டாள். அடுப்பை அணைத்தாள். அவனைப் பார்த்தாள்.

இத்தனை வருஷத்தில் அவன் பேசுவதை அவள் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எப்போதும் பாதியில் அவள்தானே பேசிக்கொண்டு இருப்பாள்! அவன் தாடை இறுகியது, கழுத்து நரம்பு எழுந்தது, கண் ஒரு பக்கமாகச் சாய்ந்து எதையோ தேடியது. அது கஷ்டம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கஷ்டம் மட்டுமில்லை. பூட்டிக்கொண்ட கதவை அவன் உடைக்காமல் திறக்கிறான். ஒரு வழியில் வரவில்லை என்றால் பின்வாங்கி, மூச்சு வாங்கி, இன்னொரு வழியில் வருகிறான். கையில் கருவியே இல்லாமல் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இவ்வளவு வேலை செய்கிறவன், அதற்குப் பிறகும் பேசத்தான் வந்து நிற்கிறான். எவ்வளவு பெரிய விஷயம்!

"லிஃப்ட்ல..." என்றான். நின்றான். அவள் காத்திருந்தாள். ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க மட்டும்தான், நான் பேசி முடிக்கற வரைக்கும் காத்திருப்பாங்க. அவங்களுக்கு வேற வழி இல்ல."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை. இன்னும் முடியவில்லை என்று விரலை உயர்த்திக் காட்டினான். இந்த வாக்கியத்துக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது! ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கும் என்றே அவள் இதுவரை நினைத்ததில்லை.

"அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. நான் வெளிய நின்னு, பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்கன்னு சொன்னேன். எவ்வளவு நேரமாச்சு தெரியுமா சொல்லி முடிக்க? அந்த அம்மா வெளிய வந்து, உன் பேச்சு மெதுவா வந்ததால எனக்கும் மூச்சு நிதானமாச்சுப்பான்னாங்க. சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னார். புதுசா சேர்ற பசங்களுக்கு நீயே பாடம் எடுன்னுட்டார்."

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"எடுத்துக்கிட்டு இருக்கேன். அன்னைலேருந்து." இந்த இடத்தில் ஒரு சொல் வெகுநேரம் நின்றது. அவன் விடவில்லை. "வகுப்பை லிஃப்ட்டுக்குள்ளதான் வச்சிருக்கேன். கதவைச் சாத்திட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஒருத்தனும் ஓட முடியாது."

அவ்வளவுதான். அவன் சொல்லி முடித்துவிட்டான். கதவில் சாய்ந்துகொண்டு, ஏதோ மாடிப்படி ஏறி வந்தவன் போல மூச்சு வாங்கினான்.

இந்த மாதங்களெல்லாம் அவள் ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தாள், இவன் கூண்டுக்குள் நின்று ஆட்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு இருந்தான். அவளிடம்தான் முதலில் சொல்ல வந்தான். அவள்தான் கை கழுவிவிட்டு வரச் சொன்னாள். தொண்டைக்குள் என்னவெல்லாமோ வந்தது. மன்னிப்பு வந்தது, பெருமை வந்தது, அம்மா இருந்திருந்தால் என்று ஒரு வாக்கியம் வந்தது. எதைச் சொன்னாலும் அவன் சொன்னதற்கு மேல் தன் சொல்லை ஊற்றுவது போலாகிவிடும் என்று தோன்றியது.

"ஏ... ஏதாவது சொல்லேன் பாதி" என்றான் அவன். அவன் குரலில் அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து சொல்லு" என்றாள். "அந்த அம்மா மாட்டிக்கிட்டது எந்த மாடில?"

அவன் சிரித்தான். கையைத் துடைத்துக்கொண்டு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டான். வாயைத் திறந்தான். முதல் சொல் முட்டிக்கொண்டு நின்றது. அவள் காத்திருந்தாள்.